கோணலைப் பொறுக்காத கொலைகாரன்

அத்தியாயம் 4

கொலைகாரன் கதவைத் தள்ளிக்கொண்டு நடைவழிக்குள் வந்தான். சுவரில் ஒரு ஓவியம் கோணலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நின்றான். கத்தி பிடிக்காத கையால் அதன் சட்டத்தைத் தொட்டு நேராக்கினான். அதன் பிறகுதான், வந்த வேலை ஞாபகம் வந்தவனைப் போல, கத்தியை ஓங்கிக்கொண்டு அந்தப் பெண்ணைத் துரத்தினான்.

தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது.

“கொலைக்கு முன்னாடி வீட்டு வேலை பார்க்கிறான் சித்தி. இவனை நம்ம வீட்டுக்கு விட்டா ஒட்டடை அடிச்சுட்டுத்தான் குத்துவான்” என்றேன்.

திரும்பிப் பார்த்தால், சித்தி கைப்பையை முகத்துக்குக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பாதி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

என் அம்மாவின் தங்கை அவள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைத் துருவிப் பிடிக்கிற வேலை பார்த்தவள். அதை விட்டபின் சொந்தமாகத் துப்பறிகிறாள். எரிந்த கட்டிடத்தையும் ஆற்றில் ஒதுங்கிய உடலையும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்து தெம்பாகச் சாப்பிடுவாள். சினிமாப் பேய் என்றால் மட்டும் கை கால் உதறும். ஏன் என்று கேட்டால், “நிஜப் பிணம் எழுந்து வராதுடா. இது வரும்” என்பாள். நான் அவளுக்கு உதவியாளன், டிரைவர், சமயத்தில் சமையல்காரன். எனக்குத் திகில் படம் என்றால் உயிர். அதில் வருகிற ஓட்டை உடைசல்களைப் பொறுக்கிச் சிரிப்பது என்றால் அதைவிட உயிர்.

அன்று மட்டும் மனம்விட்டுச் சிரிக்க முடியவில்லை. சித்திக்கு அந்தப் பக்கம் எங்களிடம் வழக்கோடு வந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். திரையில் அழும் குழந்தை முகமூடியோடு நடமாடுகிற கொலைகாரன் அவருடைய மருமகன். இப்போது சிறையில் இருக்கிறான்.

இந்தப் படம் எடுத்தபோது ஒரு பெண் நிஜமாகவே செத்துப்போனாள். கதாநாயகிக்கு டூப்பாக ஓடியவள். முதுகும் கூந்தலும் கால்களும்தான் அவளுடையவை, முகம் கதாநாயகியுடையது. நடைவழிக் காட்சியின் முடிவில் மொக்கைக் கத்தியால் குத்துவதுபோல் நடிக்க வேண்டும். முகமூடிக்காரன் கையில் இருந்தது நிஜக் கத்தி. அன்று காலையில்தான் மருமகனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஏதோ வாய்ச்சண்டை. இரண்டும் இரண்டும் நாலு என்று போலீஸ் கூட்டிவிட்டது.

“அந்த நேரத்துல நான் மேக்கப் வேன்ல தூங்கிட்டு இருந்தேன். முகமூடி என் மடியிலதான் இருந்தது” என்று அவன் தலையால் அடித்துக்கொண்டான். இருப்பதே ஒரு முகமூடி என்று படக்குழு மொத்தமும் சத்தியம் செய்தது. மடியில் இருந்த முகமூடி எப்படிக் கொலை செய்யும்? திங்கட்கிழமை தீர்ப்பு.

குத்து விழுவதற்கு முன் வெட்டிவிட்டு, மிச்சத்தை எல்லாம் படத்தில் சேர்த்து வெளியிட்டும் விட்டார்கள். அதாவது, நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த அந்த முதுகு, அந்த ஓட்டம், இரண்டும் அவளுடைய கடைசி ஓட்டம். கையிலிருந்த பாப்கார்னை இருக்கைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

இடைவேளையில் வெளியே வந்தோம்.

“என்னடா தேறுச்சு? நீதானே படம் பார்த்தே” என்றாள் சித்தி.

“தப்புக்குக் குறைச்சலே இல்ல சித்தி. மெழுகுவர்த்தி எரிய எரிய வளருது. மழையில நனைஞ்சவ வீட்டுக்குள்ள வந்ததும் தலை காய்ஞ்சு கிடக்கு. கதவு திறந்திருக்க, மாடிக்கு ஓடுறா. அவன் நடக்கிறான், இவ ஓடுறா, ஆனா அவன்தான் முன்னாடி போய் நிக்கிறான். முகமூடிக் கன்னத்துல ஒரு விரிசல் இருக்கே, அது கூட இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னத்துக்குக் குடி மாறுது. ஆனா பரிசு அந்த ஓவியத்துக்குத்தான். கத்தியோட வர்றவன் எவனாவது—”

“அவன் செய்ய மாட்டான்” என்றார் அந்த மாமியார்.

இரண்டு பேரும் திரும்பினோம்.

“எனக்கு அவனைக் கண்டாலே ஆகாதுங்க. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? கல்யாணம் ஆன நாள்ல இருந்து கழட்டின சட்டை நாற்காலியில, செருப்பு ஒண்ணு வாசல்ல, ஒண்ணு கட்டில் அடியில. ஹால்ல அவங்க கல்யாணப் போட்டோ தொங்குது. தினமும் தோள்ல இடிச்சு இடிச்சு அவன்தான் அதைக் கோணலாக்குவான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், தொட்டு நேராக்கினது கிடையாது. நான்தான் நேராக்கணும். அவன் அந்த ஓவியத்தை நேராக்கினான்னா, நான் சிரிச்சே செத்துடுவேன்.”

சொல்லி முடித்தபோது அவர் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“என் பொண்ணு சரியா சாப்பிட்டு எவ்வளவோ நாளாச்சு. கதவைத் தாழ் போடவே விட மாட்டேங்கிறா. வந்தா திறந்திருக்கணுமாம்.”

சித்தி கைப்பையைத் தோளில் மாட்டினாள். “அம்மா, ஊர்ல எல்லா மாமியாரும் மருமகனைத் திட்டுவாங்க. திட்டியே ஒருத்தனைக் காப்பாத்தப் போற மாமியார் நீங்கதான். வாங்க, எடிட்டரைப் பார்க்கணும்.”

“மிச்சப் படம் சித்தி?”

“நீ சொன்ன வரைக்கும் போதும். ராத்திரி தூங்க வேண்டாமா?”

*

எடிட்டரின் அறைக்கு ஜன்னல் கிடையாது. இரண்டு திரைகள், ஒரு சுழல் நாற்காலி, காபி குடித்த காகித டம்ளர்கள். அவரும் வாரக்கணக்கில் வெயிலே படாதவர்போல வெளுத்திருந்தார். வாசலில் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மாமியாரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

“நான் வெறும் எடிட்டர் மேடம். எனக்கு வர்றது பொட்டலம். உள்ளே என்ன இருக்கோ அதைக் கோத்துக் கொடுப்பேன். யாரு கட்டினாங்க, எப்போ கட்டினாங்கன்னு கேட்டா எனக்குத் தெரியாது.”

“கட்டினவரைக் கேட்கல. பொட்டலத்தைத் திறந்து காட்டுங்க, போதும்” என்றாள் சித்தி.

நடைவழிக் காட்சி திரையில் வந்தது. சித்தி விரலிடுக்கு வழியாகப் பார்த்தாள்.

“நிறுத்துங்க. முகமூடியில விரிசல் எந்தக் கன்னத்துல இருக்கு?”

“நமக்கு வலது பக்கம்.”

“இதுக்கு முன்னாடி, டிராயர்ல இருந்து கத்தியை எடுக்கிற இடத்துல?”

எடிட்டர் பின்னால் ஓட்டினார். “இடது பக்கம்.” உடனே கைகளை விரித்தார். “இது ஒண்ணும் மர்மம் இல்ல மேடம். ஆள் ஓடுற திசை சரியா வரலைன்னா ஷாட்டையே திருப்பிப் போட்டுடுவோம். கண்ணாடியில பார்க்கிற மாதிரி. இடது வலதாயிடும். எல்லாப் படத்திலயும் நடக்கிறதுதான்.”

எனக்கு முகம் தொங்கிப்போனது. தப்பு என்று நினைத்தது தொழில் வழக்கமாகிவிட்டது.

சித்தி திரைக்கு அருகே போனாள். பயத்தை மறந்துவிட்டாள் என்று தெரிந்தது. “திருப்பிப் போட்டா எல்லாமே திரும்பணும், இல்லையா?”

“ஆமா.”

“அப்போ கதவுக் கைப்பிடி? ரெண்டு ஷாட்லயும் அதே கதவுதானே பின்னாடி தெரியுது. கைப்பிடி ரெண்டுலயும் ஒரே பக்கம். கதவு திரும்பல, சுவர் திரும்பல. விரிசல் மட்டும் தனியா எழுந்து அந்தப் பக்கம் போச்சா?”

எடிட்டர் திரையைப் பார்த்தார். முன்னால் ஓட்டினார், பின்னால் ஓட்டினார். அவர் கை மெல்ல விசைப்பலகையிலிருந்து இறங்கியது.

“ரெண்டு முகமூடி” என்றேன் நான்.

“ரெண்டு முகமூடி” என்றாள் சித்தி. “ஒண்ணு கீழே விழுந்து நிஜமா விரிசல் விட்டது. இன்னொண்ணு அதைப் பார்த்து வரைஞ்சது. நகலெடுத்தவன் இடம் மாத்தி வரைஞ்சுட்டான். ஒண்ணு இவங்க மருமகன் மடியில வேன்ல தூங்குச்சு. இன்னொண்ணு நடைவழியில நடந்துச்சு.”

மாமியார் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். “அப்போ அவன் சொன்னது நிஜம்.”

“நிஜம்தாம்மா. ஆனா கோர்ட்டுக்கு முகமூடி போதாது. முகம் வேணும்.”

எடிட்டர் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். “எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன் மேடம். முகமூடி போட்ட ஆள்னா யாரு உள்ளே இருந்தாலும் ஒண்ணுதான். நடிகர் வேன்ல இருந்தா, அவர் உயரத்துக்குப் பக்கத்துல யாரு நிக்கிறாங்களோ அவங்க தலையில மாட்டிவிட்டு எடுத்துடுவாங்க. நேரம் மிச்சம். அன்னைக்குச் செட்டுல ஆள் கம்மி. டைரக்டர், கேமராமேன், லைட் போடுற ஒருத்தர், அப்புறம் எங்க ரசமட்டம்.”

“ரசமட்டம்னா சுவர் மட்டமா இருக்கான்னு கொத்தனார் வெச்சுப் பார்ப்பாரே, அதுவா?” என்றேன்.

“பட்டப்பேருங்க. கன்டினியூட்டி பார்க்கிறவர். படத்தைத் துண்டு துண்டாத்தானே எடுக்கிறோம்? ஒரு ஷாட்ல டம்ளர்ல பாதி தண்ணி இருந்தா அடுத்த ஷாட்லயும் பாதி இருக்கணும். மேல் பொத்தான் திறந்திருந்தா திறந்தே இருக்கணும். அதைப் பார்க்கிறதுதான் அவர் வேலை. அவர் வேலை பார்த்த படத்துல ஒரு டம்ளர் நகர்ந்தது கிடையாது.”

நான் சிரித்துவிட்டேன். “இந்தப் படத்துக்கு லீவு போட்டுட்டாரா?”

“அதான் எனக்கும் புரியல. அவருக்கு என்னமோ ஆயிடுச்சு” என்றார் எடிட்டர்.

சித்தி யோசித்தாள். பிறகு என் தோளைத் தட்டினாள். “நீ பொறுக்கின தப்பை எல்லாம் இவர்கிட்ட சொல்லு. எடிட்டர் சார், ஒவ்வொண்ணும் எப்போ எடுத்ததுன்னு மட்டும் சொல்லுங்க. அந்தப் பொண்ணு செத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

வளர்ந்த மெழுகுவர்த்தி? பின்னாடி. காய்ந்த தலை? பின்னாடி. கதாநாயகியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு நடந்து போன காயம்? பின்னாடி. கேட்கக் கேட்க எடிட்டரின் குரல் இறங்கிக்கொண்டே போனது. நடைவழிக் காட்சிக்கு முன்பு எடுத்த எதிலும் ஒரு பிழை கூட இல்லை. அதற்குப் பிறகு எடுத்த எதுவும் ஒழுங்காக இல்லை.

திரையில் அந்தப் பெண்ணின் முதுகு ஓடுவதற்குத் தயாராக உறைந்து நின்றது.

காரில் ஏறியதும் எனக்கு வாய் பொறுக்கவில்லை. “டைரக்டர்தான் சித்தி. சந்தேகமே இல்ல.”

“டைரக்டருக்குத் தொப்பை. முகமூடி மூஞ்சியை மறைக்கும், தொப்பையை மறைக்குமா? வண்டியைத் தியேட்டருக்கு விடு. நாளைக்குப் படம் மாறிடும். சாயங்காலக் காட்சியை விட்டா நமக்கு ஆள் கிடைக்க மாட்டான்.”

“திரும்பவும் அந்தப் படமா? நீங்களா கேட்கிறீங்க?”

“நான் படத்தைப் பார்க்க வரலடா” என்றாள் சித்தி.

*

தியேட்டர் முன்கூடத்தில் அந்தப் படத்தின் போஸ்டர் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. அழும் குழந்தையின் முகம், கன்னத்தில் விரிசல். கூட்டம் வருவதற்கு முன் சித்தி தன் குடையின் நுனியால் அதன் கீழ் மூலையைத் தள்ளினாள். சட்டம் நன்றாகச் சாய்ந்து நின்றது. பிறகு நாங்கள் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம்.

“தூண்டில் இதுதானா? புழு கூட இல்லையே” என்றேன்.

“பேசாம பாரு.”

ஜனங்கள் வந்தார்கள். ஒரு ஜோடி போஸ்டரை உரசிக்கொண்டே போனது. கல்லூரிக் கூட்டம் ஒன்று அதன் முன்னால் நின்று பயந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டு போட்டோ எடுத்தது. தியேட்டர் ஊழியரே அதைத் தாண்டி இரண்டு தடவை போய் வந்தார். உலகத்தில் கோணலைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம் என்று எனக்கு அன்று புரிந்தது. நானும் அவர்களில் ஒருவன்.

அப்புறம் அவர் வந்தார். ஒல்லியான, நடுவயது மனிதர். சவரம் செய்து பல நாளாகியிருந்தது. டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போஸ்டரைக் கடந்து போனார். கதவு வரை போய்விட்டார்.

நின்றார்.

திரும்பி வந்தார். கையைத் தூக்கிச் சட்டத்தைத் தொட்டு நேராக்கினார். ஒரு அடி பின்னால் வந்து பார்த்தார். காலையில் திரையில் பார்த்த அதே கை. அதே நிதானம்.

சித்தி எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். “இப்போ சரியா இருக்கு, இல்லீங்களா?”

“இல்லைங்க, மேல் மூலை இன்னும் கொஞ்சம்...” என்று விரல் நுனியால் தட்டப் போனவர், பாதியில் நிறுத்தினார். எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் நின்ற மாமியாரைப் பார்த்தார். கை கீழே விழுந்தது.

“உங்களைத்தான் ரசமட்டம்னு கூப்பிடுவாங்களா?” என்றாள் சித்தி.

அவர் ஓடவில்லை. பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தார். பெரிய பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தவர்போல இருந்தது.

“காலைக் காட்சிக்கும் வந்திருந்தீங்க. எனக்குச் சினிமாப் பேய்னா பயம். அதனால நான் திரையைப் பார்க்கல, ஜனங்களைப் பார்த்தேன். ஓவியத்தை நேராக்கும்போது தியேட்டரே சிரிச்சது. ஒரே ஒருத்தர் மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்” என்றாள் சித்தி.

“தினமும் வர்றேன்” என்றார் அவர். “எல்லாக் காட்சிக்கும்.”

மாமியாருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. “அந்தப் பொண்ணு உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு? எதுக்குய்யா கத்தியை மாத்தி வெச்சே?”

அவர் நிமிர்ந்தார். “மாத்தினது நான்தாம்மா. ஆனா கொல்ல மாத்தல.”

உள்ளே படம் ஆரம்பித்துவிட்டது. கதவிடுக்கு வழியாக மழைச் சத்தமும் பின்னணி இசையும் கேட்டன. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வெளிச்சம் போயிட்டிருந்தது. டைரக்டர் அவசரப்பட்டார். என் தலையில ரெண்டாவது முகமூடியை மாட்டினாங்க. அப்படி ஒண்ணு இருக்கிறது நடிகருக்கே தெரியாது. அதைச் செய்தவருக்கு, நடிகர் மேக்கப் கண்ணாடியில எடுத்த போட்டோவை டைரக்டர் அனுப்பியிருக்கார். விரிசல் தப்பான கன்னத்துல இருந்தது. போட்டதுமே சொன்னேன். யாரும் கேட்கல. தட்டுல ரெண்டு கத்தி இருந்தது. ஒண்ணு நிஜம், டிராயர்ல இருந்து எடுக்கிற ஷாட்டுக்கு வெச்சது. இன்னொண்ணு மொக்கை. ரெண்டும் ஒரே அச்சு. கைப்பிடியில அடிச்சிருக்கிற ஆணி மட்டும் வேற. மொக்கைக் கத்தியில மூணு. நிஜத்துல ரெண்டு. கையுறை போட்டிருக்கேன். முகமூடிக் கண் ஓட்டை வழியா ஆணி மட்டும்தான் தெரியுது. போன ஷாட்ல ரெண்டு ஆணிதான் இருந்தது. இந்த ஷாட்லயும் ரெண்டு இருக்கணும். அதை எடுத்தேன்.”

அவர் குரல் உடைந்தது.

“யோசிக்கவே இல்லைங்க. எது நிஜம், எது பொய்னு மனசுல வரவே இல்ல. போன ஷாட்ல என்ன இருந்ததுங்கிறது மட்டும்தான் வந்தது. நடந்து வரும்போது ஓவியம் கோணலா இருந்தது, அதையும் நேராக்கினேன். எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சேன்.”

அத்தனை பிழைகள் மலிந்த ஒரு படம். ஒரு உயிர் போனது பிழையால் இல்லை, சரியாகச் செய்த ஒரு காரியத்தால். காலையிலிருந்து இந்தப் படத்தைப் பற்றி நான் அடித்த ஜோக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

“வெளியே சொன்னா படம் நின்னுடும்னு டைரக்டரும் கேமராமேனும் அந்த முகமூடியை எடுத்து மறைச்சுட்டாங்க. விபத்துன்னுதான் ஆகும், நடிகர் வெளியே வந்துடுவார், வாயை மூடிட்டு இருன்னாங்க. காலையில நடந்த சண்டையை வெச்சு அது கொலையா மாறும்னு யாரும் நினைக்கல. அப்புறம் சொல்ல எனக்குப் பயம். பயம்தாங்க, வேற ஒண்ணும் இல்ல.”

“அதுக்கு அப்புறம் எடுத்த காட்சியில எல்லாம் தப்பு விட்டது வேணும்னா?” என்று கேட்டாள் சித்தி. அவள் குரலில் துப்பறியும் மிடுக்கு போய்விட்டிருந்தது.

“இல்லைங்க. என்னால முடியல. முந்தின ஷாட்ல இருந்த பொண்ணு அடுத்த ஷாட்ல இல்ல. அதை எப்படி நான் சேர்ப்பேன்? மெழுகுவர்த்தி எவ்வளவு உயரம் இருந்தா என்ன?”

மாமியார் கையை ஓங்கினார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். ஓங்கிய கை அப்படியே நின்றது, பிறகு தன் பையைத் துழாவித் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டியது.

“குடி. குடிச்சுட்டு எழுந்திரு. இங்க சொன்னதை அங்க வந்து சொல்லு. என் வீட்டுல ஒருத்தி கதவைத் திறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கா.”

அவர் ஒரு வாய் குடித்தார். தலையாட்டினார். “சொல்றேன். ரெண்டாவது முகமூடி எங்கே இருக்குன்னும் சொல்றேன்.” பிறகு தயங்கினார். “ஒரே ஒரு நிமிஷம் கொடுப்பீங்களா? மாடிப்படி ஷாட் வரப் போகுது. நாளைக்குப் படத்தைத் தியேட்டர்ல இருந்து எடுத்துடுவாங்க.”

“அதுல என்ன?” என்றேன்.

“அந்த நடைவழி ஷாட்டுக்கு முன்னாடி எடுத்ததுல தப்பே இல்லைன்னு எடிட்டர் சொல்லியிருப்பார். அது அன்னைக்குக் காலையில எடுத்தது. அதுல ஒரு தப்பு இருக்கு. யாரும் கண்டுபிடிக்கல.”

நாங்கள் நான்கு பேரும் கதவைத் திறந்து உள்ளே போனோம். உட்காரவில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் இருட்டில் நின்றோம். சித்தி கைப்பையை முகத்துக்குக் கொண்டுபோகவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நேராகத் திரையைப் பார்த்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

திரையில் ஒரு பெண் மாடிப்படியில் ஓடினாள். கூந்தல், முதுகு, வெறும் கால்கள். பின்னால் முகமூடிக்காரன் நடந்து வந்தான். திருப்பத்தில் அவள் ஒரு கணம் திரும்பிப் பார்த்தாள்.

அது கதாநாயகியின் முகம் இல்லை.

டூப்பின் முகம் எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டது. வட்ட முகம், நெற்றியில் ஒட்டிய முடி. உயிருக்குப் பயந்து ஓட வேண்டியவள், சிரித்துக்கொண்டிருந்தாள். கால் இடறியதற்கோ, பின்னால் வருகிறவன் முகமூடி சரிந்ததற்கோ, யாருக்குத் தெரியும். விளையாட்டில் பிடிபடாமல் தப்பித்த குழந்தைபோல் சிரித்தாள். நான் கண்ணை இமைப்பதற்குள் படிகளில் மறைந்துவிட்டாள்.

தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. யாரும் கவனிக்கவே இல்லை. காலையில் நானும் கவனிக்கவில்லை.

“மதியம் திரும்ப எடுத்துடலாம்னு அவகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்” என்றார் ரசமட்டம். “எடிட் பண்ணும்போது இதைத் தூக்கச் சொல்லியிருக்கணும். நான் சொல்லல.”

பிறகு அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் வெளியே நடந்தார்.